கடல் கடந்த கைமருந்து

சென்ற நூற்றாண்டு பிறந்திருந்த வேளையில், மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஒரு நோய் ஆள் பார்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. வெள்ளீயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்களுக்கு முதலில் கால் மரத்துப்போகும். கெண்டைக்காலை அமுக்கினால் உயிர் போகிற வலி எடுக்கும். சிலருக்கு உடம்பு நீர்கோத்து வீங்கும். கடைசியில் இதயம் தளர்ந்து, நேற்றுவரை நடமாடியவர் இன்று காலையில் இல்லாமல் போவார். பெரிபெரி என்று அதற்குப் பெயர். அதே வட்டாரத்தில், அதே மழையில் நனைந்து, அதே போன்ற நெருக்கமான கொட்டகைகளில் முடங்கிய தமிழ்க் கூலிகளை அது அநேகமாகத் தீண்டவில்லை. கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) சொந்த வயல் வைத்திருந்த மலாய்க்காரர்களையும் விட்டு விலகியே நின்றது. அந்நாளில் அம்மாநிலத்தின் அரசு மருத்துவராக இருந்த வில்லியம் லெனார்ட் பிராடன் இதைக் கவனித்தார். காற்று, தண்ணீர், குடியிருப்பு, வேலை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் கடைசியில் சோற்றுப் பானையில் வந்து நின்றார். சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டி வெளுத்து, மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்து, கப்பலில் வந்த சயாம் பச்சரிசி. மலாய்க்காரர்கள் தேவைக்குத் தேவை தங்கள் நெல்லைக் குத்திப் பொங்கினார்கள். தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி. 1907இல் லண்டனில் வெளியான அவருடைய தடித்த நூல், பெரிபெரியின் காரணத்தையும் தடுப்பையும் பற்றியது. அதன் மையச் சாட்சி நம் முன்னோர்களின் கஞ்சிச் சட்டிதான்.

அந்தச் சட்டிக்குள் என்ன நடந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தஞ்சைப் பக்கத்து வீடுகளில் நெல்லை அண்டாவில் ஊறப்போட்டு, மறுநாள் அடுப்பேற்றி, நெல் வாய் பிளக்கும் பருவத்தில் இறக்கி, களத்தில் பரப்பிக் காலால் துழாவி உலர்த்துவார்கள். அப்புறம்தான் உரலுக்குப் போகும். ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டில் இருக்கிற சத்து நீரோடு சேர்ந்து அரிசியின் உட்பகுதிக்கு இறங்கிவிடுகிறது. வெந்த மாவுச்சத்து கெட்டிப்பட்டு அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுதும் போகாது. பச்சை நெல்லை ஆலையில் கொடுத்தால் தவிடும் முளையும் உரிந்து, அவற்றோடு அந்தச் சத்தும் மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். நெல் அவித்த பெண்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. புழுங்கல் அரிசி வண்டு பிடிக்காது, குத்தும்போது நொறுங்காது, பழையதாக ஊற்றி வைத்தால் காலையில் பசி தாங்கும். அவர்கள் அவித்ததற்கு இவை போதுமான காரணங்கள். மருத்துவ வரலாற்றை ஏட்டில் மட்டும் தேடுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட அறிவு கண்ணில் படுவதில்லை. அகத்தியர் பெயரால் வழங்கும் பாடல்களுக்கு உரை காண்கிறோம். அண்டாவில் நெல் அவித்த கைகளுக்கு உரை எழுத நமக்குத் தோன்றியதில்லை.

பிராடனுக்கும் காரணம் தெரிந்துவிடவில்லை. பழசாகிப்போன பச்சரிசியில் ஏதோ ஒரு பூஞ்சை நஞ்சை உண்டாக்குகிறது, அவிக்கும்போது அது செத்துவிடுகிறது என்று அவர் நம்பினார். கிருமிகளின் காலம் அது. எந்த நோய்க்கும் ஒரு நுண்ணுயிரைத் தேடுவதே அறிவியல் என்றிருந்தது. காரணம் தவறு, கண்டது சரி. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் 1905 இறுதி முதல் ஓராண்டுக்கு இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் கொடுத்து, ஒற்றைப்படைக்காரர்களை ஒரு கட்டடத்திலும் இரட்டைப்படைக்காரர்களை எதிர்க் கட்டடத்திலும் வைத்து, ஒரு சாராருக்குப் பச்சரிசியும் மற்றவர்களுக்குப் புழுங்கல் அரிசியும் போட்டார். கட்டடத்தில்தான் கோளாறோ என்ற ஐயம் தீர, பாதியில் இடத்தையும் மாற்றினார். பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களில் நோய் கண்டவர் இருவரே. அவர்களும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். அதன்பின் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் ஸ்டாண்டனும் இதே நெகிரி செம்பிலானின் உட்பகுதிக்கு, துரியான் தீப்புஸ் என்னும் காட்டுக்குச் சென்றார்கள். அங்கே சாலை போட ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட சுமார் 300 ஜாவாக்காரர்கள் இருந்தார்கள். மீண்டும் இரண்டு கூட்டம், இரண்டு அரிசி. பச்சரிசிக் கூட்டத்தில் மூன்று மாதத்துக்குள் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் நின்றது. மாற்றி உண்ட மறு கூட்டத்தில் தொடங்கியது. தொற்று நோயாக இருக்க முடியாது, அரிசியில் இல்லாத ஏதோ ஒன்றுதான் காரணம் என்பது தெளிவாயிற்று.

இதைப் படிக்கும்போது மனம் இரண்டாகப் பிரிகிறது. உலகத்தில் இன்று புதிய மருந்து ஒன்றைச் சோதிக்கும் முறைக்கு முன்னோடிகளில் ஒன்று நம் ஊரில் நடந்தது என்பது ஒரு பக்கம். சோதிக்கப்பட்டவர்கள் சித்தம் கலங்கியவர்களும், ஒப்பந்தத்தை மீறினால் சிறைக்குப் போக வேண்டிய கூலிகளும்தான் என்பது மறுபக்கம். இரண்டையும் சேர்த்துத்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். 1890களில் பத்தேவியாவில் கோழிகளின் கால் தளர்வதைக் கண்ட டச்சு மருத்துவர் ஐக்மன், அதற்கும் முன்பே கப்பற்படையின் உணவை மாற்றி நோயைக் குறைத்த ஜப்பானியர் தகாகி, நெகிரி செம்பிலானின் பிராடன், பிரேசர், ஸ்டாண்டன் என்று பல ஊர்களில் சிதறிக் கிடந்த கண்டுபிடிப்புகள் 1910இல் மணிலாவில் கூடிய கீழைநாட்டு வெப்பமண்டல மருத்துவர்களின் மாநாட்டில் ஒன்று சேர்ந்தன. தீட்டிய அரிசியே பெரிபெரிக்குக் காரணம் என்று அங்கே தீர்மானம் ஆயிற்று. 1912இல் காசிமிர் பங்க் வைட்டமின் என்ற பெயரை வைத்தார். 1926இல் பத்தேவியாவில்தான் ஜான்சனும் டோனாத்தும் அந்தச் சத்தைத் தவிட்டிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசுப் பட்டியலில் நெல் அவித்தவர்களுக்கு இடம் கேட்பது வேடிக்கையாக இருக்கும். ஆனால் மருத்துவ மரபுகள் ஒன்றிடம் ஒன்று கடன் வாங்கியபோதெல்லாம், கொடுத்தவருக்குத் தாம் கொடுத்தோம் என்பதே தெரியாமல் போயிருக்கிறது.

புழுங்கல் அரிசியின் பெருமையை நாமும் காப்பாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். சிரம்பானிலோ தம்பினிலோ ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்தால் புழுங்கல் அரிசி இட்லிக்கும் தோசைக்கும் என்று சிறு பைகளில் ஓரமாக இருக்கும். வீட்டுச் சோற்றுக்குப் போவது பளபளக்கும் வெள்ளையரிசி. பெரிபெரி திரும்பி வரவில்லை, தட்டில் வேறு உணவுகள் சேர்ந்துவிட்டன. வந்திருப்பது நீரிழிவு. 2019ஆம் ஆண்டு மலேசிய தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. அரிசியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. உழைப்பு குறைந்தது, சர்க்கரை மலிந்தது, தோட்டத்தை விட்டு வெளியேறிய வாழ்க்கையின் நெருக்கடி என்று காரணங்கள் பல. ஆனாலும் நூறாண்டுக்கு முன் உலகத்துக்குச் சாட்சி சொன்ன ஒரு கூட்டத்தின் பேரப்பிள்ளைகள், உணவு ஆலோசகரிடம் தவிடு நீக்காத அரிசியைப் பற்றிப் புதிதாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது காலத்தின் குறும்பு.

மருத்துவ மரபுகளின் இந்தக் கொடுக்கல் வாங்கல், பால்மரம் என்று நாம் சொல்லும் ரப்பரோடு தொடங்கியதன்று. 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கோயிலில் பதினைந்து படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலை இயங்கியது. கோதண்டராமன் அசுவத்தாமன் என்ற மருத்துவருக்கும், அறுவை செய்பவருக்கும், மருந்து இடும் பெண்களுக்கும், ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளுக்கும் கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. அதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து, 1088இல், சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூசுக்கருகே தமிழ் வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் தமிழிலேயே ஒரு கல்வெட்டை நட்டார்கள். அவர்களை அந்தக் கரைக்கு இழுத்தது கற்பூரம். சுமத்ரா, போர்னியோக் காடுகளில் நெடுமரங்களைப் பிளந்து எடுத்த அந்த வெள்ளைப் படிகத்துக்குச் சீனரும் அரபியரும் பொன் கொடுத்தார்கள். நம் வைத்தியத்திலும் அது பச்சைக் கற்பூரமாக இடம் பிடித்தது. பிள்ளை பெற்ற தாயின் ஈரத் தலைக்கு நாம் போடும் சாம்பிராணிப் புகையும் அதே சுமத்ராவின் மரப்பிசின்தான். நமக்கே உரியது என்று நாம் நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும் மருந்துப் பெட்டியைத் திறந்தால் பாதி அயலூர்ச் சரக்கு. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியக் கப்பல்களோடு மேகப்புண் இந்தியக் கரையில் இறங்கியது. சில பத்தாண்டுகளுக்குள் அதற்கு மருந்தாகச் சீனத்திலிருந்து ஒரு கிழங்கு கோவாவுக்கு வந்து சேர்ந்தது. அதைப்பற்றிக் கார்சியா டி ஓர்த்தா 1563இல் கோவாவில் அச்சிட்ட நூலில் எழுதியிருக்கிறார். அந்தக் கிழங்குதான் பறங்கிப்பட்டை; இன்று பறங்கிப்பட்டைச் சூரணம் இல்லாத சித்த மருந்துக்கடை கிடையாது. சித்தர் போகர் சீனத்துக்குப் போனார், அல்லது சீனத்திலிருந்து வந்தார் என்ற கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அப்படி ஒரு கதை நம்மிடையே பிறக்க வேண்டியிருந்தது என்பதே ஒரு வரலாற்றுச் செய்தி.

தோட்டக் காலம் இந்தப் பழைய வழக்கத்தை வேறு வேகத்தில் நடத்தியது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கில அதிகாரியை நம் பாட்டனார்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் வாழ்வைத் தீர்மானித்த இரண்டு மரங்களும் தென்னமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு வந்ததில் அவருடைய கை உண்டு. 1860இல் ஆண்டிஸ் மலையின் சின்கோனாவை நீலகிரிக்குக் கொண்டுவந்தவர் அவர். பிரேசிலின் ரப்பர் விதைகளை 1876இல் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து ஆசியாவுக்கு அனுப்பிய முயற்சிக்கும் தூண்டுகோலாக இருந்தார். ஒரு மரம் வேலைக்கு இழுத்தது. அந்த வேலையில் வந்த மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து, இன்னொரு மரத்தின் பட்டையிலிருந்து எடுத்த கொய்னா. நீலகிரியில் நடுவட்டம் சின்கோனாத் தோட்டத்தில் வேலை வாங்கப்பட்டவர்கள் யார் என்று பார்த்தால் கதை இன்னும் சுற்றி வளைகிறது. நீரிணைக் குடியேற்றங்களின் சிறைகளில் இடமில்லாமல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் அங்கே வேலை செய்தார்கள். விடுதலைக்குப் பின் சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே தமிழ்ப் பெண்களை மணந்து தங்கிவிட்டதை எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். மலாயாவிலிருந்து போன சீனர்கள் தமிழ் மலையில் கொய்னாப் பட்டை வளர்த்தார்கள். ஒரு தலைமுறை கழித்துத் தமிழர்கள் மலாயாவுக்கு வந்து கொய்னா விழுங்கினார்கள்.

விழுங்கினார்கள் என்பதைவிட விழுங்கவைக்கப்பட்டார்கள் என்பதே பொருத்தம். விடியலில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து, பால் சேர்க்கும் மங்கும் வாளியுமாகக் காட்டுக்குப் பிரிவதற்குமுன், வரிசையில் நின்று, தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசரின் கண்முன்னே கசப்பு மருந்தைக் குடித்தாக வேண்டும். நாக்குக்கடியில் ஒதுக்கி மரத்தடியில் துப்பியவர்களின் சாமர்த்தியம் தோட்டத்துக் கதைகளில் இன்றும் உலவுகிறது. கொய்னா மட்டும் போதவில்லை. 1897இல் செகந்திராபாதில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அவருக்கு வழிகாட்டிய மேன்சன், சீனத்து அமோயில் யானைக்கால் நோயை ஆராய்ந்தபோது கொசுவைச் சந்தேகிக்கக் கற்றவர். 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் இவர்களுடைய அறிவை வடிகால் வெட்டும் வேலையாக மாற்றினார். கிள்ளானின் சதுப்பை வற்றவைத்ததும் காய்ச்சல் அடங்கியது. ஆனால் அதே முறையை மேட்டு நிலத்துத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனபோது கணக்கு தப்பியது. அங்கே காட்டை வெட்டி, ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டதும் காய்ச்சல் முன்னிலும் மோசமாயிற்று. சதுப்பில் நிழலை நாடும் கொசு ஒன்று. மலையோரத்துத் தெளிந்த ஓடையில், வெயில் படும் இடத்தில் முட்டையிடும் கொசு வேறொன்று. மலையும் மடுவுமான நெகிரி செம்பிலானுக்கு உரிய ஆபத்து இரண்டாவது வகை. ஓடைகளை நிலத்தடிக் குழாய்களுக்குள் அனுப்பவும், முடியாத இடங்களில் எண்ணெய் தெளிக்கவும் கற்றுக்கொள்ள அந்த அனுபவம் வேண்டியிருந்தது. வாட்சன் 1911இல் எழுதிய நூலை ஜாவாவின் டச்சு மருத்துவர்கள் பாடமாக எடுத்துக்கொண்டார்கள். பாடம் எழுதி முடிவதற்குள் கூலிகள் குடியிருந்த லயங்களில் எத்தனை பிஞ்சுகள் போயின என்பதை எண்ணிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

காட்டைத் திறந்தால் காய்ச்சல் வரும் என்ற அந்தப் பாடம் பழசாகிவிடவும் இல்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா மலேசியாவில் 2018 முதல் உள்ளூரில் தோன்றவில்லை என்பது பெருஞ்சாதனை. ஆனால் குரங்குகளிடம் வாழும் இன்னொரு மலேரியாக் கிருமி மனிதருக்குத் தொற்றுவது நிற்கவில்லை. அது இயற்கையாக மனிதரைப் பிடித்தது முதன்முதலில் அறியப்பட்டது 1965இல், நம் அண்டை மாநிலமான பகாங்கில். கொய்னாவின் இடத்துக்கு இப்போது வந்திருப்பது சீனத்தின் ஒரு காட்டுப் பூண்டிலிருந்து எடுத்த மருந்து. ஆயிரத்து அறுநூறு ஆண்டுப் பழமையுள்ள வைத்திய ஏடு ஒன்றில், பூண்டை வேகவைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியும்படி இருந்த ஒரு குறிப்பு து யூயூ என்ற அறிவியலாளருக்கு வழி காட்டியது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது பழைய ஏடுகளைப் புகழ்ந்து இங்கும் நிறையப் பேசினோம். ஏட்டில் பல குறிப்புகள் இருந்தன, அவற்றில் பலிக்காதவற்றையெல்லாம் ஒதுக்கித் தள்ளிய ஆய்வுக்கூடத்தின் பொறுமையும் அதில் உண்டு என்பதை அவ்வளவாகப் பேசவில்லை.

அரசும் ஆய்வுக்கூடமும் அறியாத இன்னொரு பரிமாற்றம் லயத்துப் பின்கட்டில் நடந்துகொண்டிருந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் மாமியாரோ மருத்துவச்சியோ உரைமருந்துக் கல்லை எடுப்பார். சோற்றோடு வேகவைத்துக் காயவைத்த கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய், சுக்கு, விளக்கில் சுட்ட வசம்பு. தாய்ப்பாலை விட்டு ஒவ்வொன்றையும் ஓரிரு இழைப்பு இழைத்துச் சங்கில் வழித்துப் புகட்டுவார். அந்தச் சிறு கல்லில் தேய்ந்த ஜாதிக்காயின் தாயகம் பண்டாத் தீவுகள்; மாசிக்காய் மேற்காசியாவின் கருவாலி மரத்தில் குளவி முட்டையிடுவதால் உண்டாகும் முண்டு. அதே மாசிக்காயைப் பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பெண்கள் மஞ்சகானி என்று பேறுகாலத்துக்குப் பின் தாங்களே உட்கொள்கிறார்கள். நாம் குழந்தைக்குக் கொடுத்ததை அவர்கள் தாய்க்குக் கொடுத்தார்கள். (ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்று இன்றைய குழந்தை மருத்துவர் சொல்வார், அவர் சொல்வதைக் கேட்பதே நல்லது.) நாம் பூண்டும் லேகியமுமாகப் பத்தியம் காத்தோம், அவர்கள் சூடேற்றிய கல்லைத் துணியில் சுற்றி வயிற்றில் ஒத்தடம் கொடுத்து, நீளத் துணியால் இடுப்பை இறுக்கி நாற்பத்து நான்கு நாள் காத்தார்கள். இன்று சிரம்பானில் பேத்திக்குப் பிள்ளை பிறந்தால், உடம்பு பிடித்துவிட மக்சிக் என்றழைக்கும் மலாய்ப் பெண்மணியைக் கூப்பிட்டு, சமையலுக்கு மட்டும் அம்மாவை வைத்துக்கொள்ளும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். இதற்கு எவரும் ஒப்பந்தம் போடவில்லை, மாநாடு கூட்டவில்லை.

ஜப்பானியர் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் இந்தப் பின்கட்டு வைத்தியமே முன்கட்டுக்கு வந்தது. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் ரயில் பாதைக்கு அள்ளிச் செல்லப்பட்டு அங்கே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியாக, எஞ்சியவர்களுக்கு ஆஸ்பத்திரி அலமாரியில் மருந்து அரிதாயிற்று. நிலவேம்பைத் தேடிப் பறித்தார்கள். அதே செடியை மலாய்க்காரர் ஹெம்பெடு பூமி என்று காய்ச்சலுக்கு அவித்துக் குடிப்பார்கள். சீன மருந்துக்கடையிலும் அது உண்டு. மூன்று கூட்டத்தார் மூன்று பெயரில் ஒரே கசப்பைக் குடித்தார்கள் என்பது கற்பனையான ஒற்றுமை இல்லை, வேலியோரத்தில் முளைத்த நடப்பு. எதிர்த்திசையிலும் சரக்கு போயிற்று. 1928இல் சிங்கப்பூரில் லியுங் யுன் சீ என்ற சீனர், ஜெர்மானிய மருத்துவர் ஒருவர் தந்த செய்முறையைக் கொண்டு கோடாலித் தைலத்தை விற்கத் தொடங்கினார். ஊருக்குப் போகிறவர்களின் பெட்டியில் சேலைக்கும் டார்ச் விளக்குக்கும் இடையே அது இடம் பிடித்தது. இராமநாதபுரத்துத் திண்ணைகளில் தலைவலி என்று உட்கார்ந்தவர்கள் தடவிக்கொண்டது ஜெர்மானியச் செய்முறை, சீன வணிகம், நம் சனங்களின் சுமைகூலி.

இப்போது தோட்டங்கள் அனேகமாகக் கலைந்துவிட்டன. லாபுவிலும் நீலாயிலும் சிரம்பானைச் சுற்றியும் பால்மரம் செம்பனையாகி, செம்பனை மனைக்கட்டாகிவிட்டது. டிரசரும் இல்லை, மருத்துவச்சியும் இல்லை. பாரம்பரிய மருத்துவத்துக்கென்று 2016இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. மலாய், சீன, இந்திய முறைகள் அதில் வகை பிரித்து ஏற்கப்பட்டிருக்கின்றன. போர்ட்டிக்சன் அரசு மருத்துவமனையில், நெற்றியில் எண்ணெய் ஒழுகவிடும் சிகிச்சையைத் தூக்கமின்மைக்கும் மன அழுத்தத்துக்கும் கொடுக்கிறார்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில் இருந்த லயங்களில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் கதறக் கதற உச்சியில் நல்லெண்ணெய் வைத்த பாட்டிகளை நினைத்தால் சிரிப்பு வரும். அரசாங்கம் வகை பிரிப்பதில் தவறில்லை, போலிகளை விலக்க அது வேண்டியதே. ஆனால் மலாய், சீனம், இந்தியம் என்று மூன்று பலகை மாட்டிய அறைகளில், மூன்றுக்கும் பொதுவான மாசிக்காயையும் நிலவேம்பையும் எந்த அறையில் வைப்பார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

கடைசியாக நெகிரி செம்பிலான் உலகுக்கு ஒரு நோயின் பெயரையே கொடுத்தது. 1998 இறுதியில் ஈப்போப் பக்கத்திலிருந்து பன்றிகளோடு இறங்கி வந்த காய்ச்சல், போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக் பன்றிப் பண்ணைகளில் மூண்டது. மூளை வீங்கி மனிதர்கள் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, தடுப்பூசி போட்டு, கொசுப்புகை அடித்தார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் செத்தார்கள். பிராடனுக்குப் பூஞ்சை எப்படியோ, அப்படி இவர்களுக்குக் கொசு: புது நோய் எப்போதும் பழைய நோயின் பெயரோடுதான் வாசலுக்கு வருகிறது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து அதுவரை அறியாத ஒரு வைரசைப் பிரித்தார்; அந்தக் கிராமத்தின் பெயரால் அது நிப்பா ஆயிற்று. நோய் கண்ட 265 பேரில் 105 பேர் மாண்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. சீனக் குடும்பங்கள் பல தலைமுறைத் தொழிலை இழந்தன. பழந்தின்னி வௌவால்களிடமிருந்து அது வந்தது என்பது பிறகு தெரிந்தது.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து நிகழ்ந்த சாவுகளைக் கண்ட மருத்துவர்களுக்கு நிப்பாவைச் சந்தேகிக்க அதிக நாள் பிடிக்கவில்லை. இருபதாண்டுக்கு முன் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நம்பி இங்கே இழந்த மாதங்களின் படிப்பினை அவர்கள் கையில் இருந்தது. அந்த வாரங்களில் ரிபாவிரின் மாத்திரைகள் மலேசியாவிலிருந்து கேரளத்துக்குப் போயின. 1999இல் இங்கே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அதே மருந்து. கங்காணிகள் ஆள் திரட்டிக்கொண்டு வந்த காலத்தில் மேற்கிலிருந்து கிழக்காக நடந்த போக்குவரத்து, இம்முறை மலாக்கா நீரிணையிலிருந்து மலபாருக்குத் திரும்பியது. அந்த மருந்து நிப்பாவை எவ்வளவு தூரம் தடுக்கும் என்று அன்று இங்கே கொடுத்தவர்களாலும் அடித்துச் சொல்ல முடியவில்லை, அங்கே வாங்கிக்கொண்டவர்களாலும் சொல்ல முடியவில்லை. நோய் முற்றிய கட்டிலருகே வேறு ஒன்றும் இல்லாததால் கொடுத்தார்கள். தடுப்பூசி ஒன்றின் முதல் கட்ட மனிதச் சோதனையை 2024இல் ஆக்ஸ்போர்டில் தொடங்கினார்கள்.